வெள்ளிப் பாதை, ஐந்து நாள், ஆளுக்கு 3,80,000 சாட்

சுற்றுலா விளம்பரத் தாளில் மூன்று படங்கள். கொக்தெய்க் ரயில் பாலம், மலையூரான மேமியோவின் குதிரை வண்டி, யானை உருவம் அடித்த ஒரு வெள்ளிக் கிண்ணம். மேலே பர்மிய எழுத்தில் ‘வெள்ளிப் பாதை: துரைமார் காலத்துச் சின்னங்களைத் தேடி’ என்று போட்டிருந்தது. நான் ரங்கூனில் அப்பா விட்டுப்போன வெள்ளிப் பட்டறையை முப்பத்தைந்து வருஷமாக நடத்துகிறவன். எனக்கு வலை வீசவென்றே அச்சடித்தது போல இருந்தது.

போகக் காரணம் நான் இல்லை, என் மச்சான். அத்தை மகன். 1965இல் அத்தை குடும்பம் கப்பல் ஏறியபோது அவனுக்கு ஐந்து வயது. இப்போது சென்னை வியாசர்பாடியில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறான். ஐம்பத்து நாலு வருஷம் கழித்து, 2019 சனவரியில், பிறந்த ஊரைப் பார்க்க வந்தான். ரங்கூனைக் காட்டி முடித்தாயிற்று. காளி கோவில், பெருமாள் கோவில், தன்லின் பக்கம் பீலிக்கான் முனீஸ்வரர். அப்புறம் என்ன என்று யோசித்தபோது இந்தத் தாள் கையில் இருந்தது. நான், என் மனைவி, மச்சான், மூன்று பேருக்கும் பணம் கட்டினோம். மாந்தலேயில் ஏறி மாந்தலேயில் இறங்கும் பயணம். மச்சானின் இந்தியக் கடவுச்சீட்டை நகல் எடுத்து வைத்துக்கொண்டார்கள். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே பயணத்தை அப்போது நாலைந்து பேர் விற்றார்கள், தாளில் படம் மட்டும்தான் மாறியது. யாரிடம் வாங்கியிருந்தாலும் எதற்குக் காசு கொடுத்திருக்கலாம், எதைத் தள்ளியிருக்கலாம் என்று சொல்கிறேன்.

முதல் நாள் யுவாத்தாங். சகாயிங் பக்கத்தில், ஐராவதி ஆற்றின் மேற்குக் கரையில், வெள்ளி வேலைக்கென்றே பெயர் போன ஊர். திட்டத்தில் இதற்குக் கொடுத்திருந்த நேரம் ஒரு மணி. நான் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டேன். வழிகாட்டிப் பையன் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து, ‘ஊலே (மாமா), பகோடா கோவில் மூடிடுவாங்க’ என்றான். பகோடா நாளைக்கும் இருக்கும் தம்பி என்றேன்.

ஊருக்குள் நுழையும்போதே தட்டும் சத்தம் கேட்கிறது. ஒரு வீட்டில் நின்றால் அடுத்த வீட்டில் தொடங்குகிறது. நாங்கள் உட்கார்ந்த வீட்டில் முப்பது வயதுப் பையன் ஒருவன் காலுக்கிடையில் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்து யானை அடித்துக்கொண்டிருந்தான். கிண்ணத்தின் உள்ளே குங்கிலியக் கலவையை உருக்கி ஊற்றி இறுகவிட்டிருந்தான். அது இல்லாவிட்டால் தகடு ஒவ்வொரு தட்டுக்கும் நெளிந்துவிடும். நாங்கள் அரக்கு போடுகிறோம், அவர்கள் இதைப் போடுகிறார்கள், தத்துவம் ஒன்றுதான். பக்கத்தில் ஒரு பால்டின்னில் நாற்பது ஐம்பது உளி. பாதி பழைய ஆணியிலும் சைக்கிள் கம்பியிலும் அவனே தட்டிச் செய்தவை. யானையின் காது மடிப்புக்கு ஓர் உளி, தோல் சுருக்கத்துக்கு ஓர் உளி, கண்ணுக்கு முனை வட்டமாகத் தேய்த்த இன்னொன்று. கண்ணுக்கு ஒரே தட்டுத்தான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. தட்டிவிட்டு உளியை எடுத்ததும் யானை என்னைப் பார்த்தது.

நான் என் தொழிலைச் சொன்னதும் பேச்சே மாறிவிட்டது. வாடிக்கையாளர் போய் வேலைக்காரன் ஆகிவிட்டேன். வீட்டின் பெரியவர் உள்ளேயிருந்து தன் தாத்தா காலத்துக் கிண்ணத்தை எடுத்து வந்தார். விக்டோரியா ராணி தலை போட்ட ரூபாயை உருக்கிச் செய்தது. அந்த ரூபாய் சரியாக ஒரு தோலா எடை, அதாவது பதினொன்றரை கிராமுக்குக் கொஞ்சம் மேல், 12க்கு 11 பங்கு வெள்ளி. ஒரு பங்கு செம்பு சேர்ந்ததால் வயதானபின் அதற்கு ஒரு தேன்நிறம் வரும். சுத்த வெள்ளியில் அது வராது. அது எப்படி உங்களுக்குத் தெரியும் என்றார் பெரியவர். எங்கள் தாத்தாவும் அதையேதான் உருக்கினார் என்றேன்.

எடை பேசும்போது மச்சானுக்குத் தலை சுற்றியது. அவனுக்குக் கிராம், போனால் பவுன். இங்கே ச்சாதா, ஏறக்குறைய பதினாறேகால் கிராம். நூறு ச்சாதா ஒரு பெய்த்தா. இந்தப் பெய்த்தாவைத்தான் வெள்ளைக்காரன் தன் கணக்குப் புத்தகத்தில் ‘விஸ்’ என்று எழுதினான். அந்தச் சொல் நம் வீசையிலிருந்து போனது. ‘அப்போ எடைக்கல்லே நம்மளுதா?’ என்றான் மச்சான். கல் அவர்களுடையது, பேர் நம்முடையது. நம் வீசையைவிட பெய்த்தா கனமும் அதிகம். ச்சாதாவுக்குக் கீழே உள்ள சின்ன எடை யுவே. அது விதைக் கணக்கு, நம் குன்றிமணியும் மஞ்சாடியும் போல. பெரியவர் ஒரு டப்பியைத் திறந்து சிவப்பு விதைகளைக் காட்டினார். என் மனைவி ஒன்றை எடுத்து உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தாள். அவள் அப்பாவும் பட்டறைக்காரர்தான்.

ஒரு கிண்ணத்துக்குச் சொல்லிவைத்து முன்பணமும் கொடுத்தேன். யானை வேண்டாம், மாவிலைக் கொத்து போடுங்கள் என்று தாளில் வரைந்து காட்டினேன்.

அன்று சாயங்காலம் மாந்தலேயில் ‘பழங்காசுக் கடை’ என்று ஓரிடத்துக்குக் கூட்டிப்போனார்கள். மிண்டோன் மன்னரின் மயில் காசு, அசல், என்றான் கடைக்காரன். அந்தக் காசு ரூபாய்க்குச் சமமான எடையில், மாந்தலே அரண்மனை நாணயச் சாலையில் இயந்திரம் வைத்து அடித்தது. அதற்கு முன் இந்த நாட்டில் வெள்ளியை வெட்டி, நிறுத்து, தரம் பார்த்துத்தான் கொடுக்கல் வாங்கல். சாட் என்ற பணத்தின் பெயரே எடையின் பெயர்தான். நான் காசை வாங்கிச் சுண்டினேன். டொக் என்றது. வெள்ளி டொக் என்னாது. மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம். இந்த நிறுத்தத்தை நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு தள்ளலாம்.

இரண்டாம் நாள் மேமியோ. அரசாங்கப் பெயர் பின்ஊல்வின், ஆனால் எங்கள் வீட்டில் இன்னும் மேமியோதான். மாந்தலேயிலிருந்து 42 மைல், மூவாயிரத்து ஐந்நூறு அடி உயரம். 1886க்குப் பிறகு இங்கே முகாம் போட்ட வங்காளப் படையின் கர்னல் மே என்பவரின் பெயரில் மே-மியோ, அதாவது மே ஊர். வெயில் காலத்தில் ரங்கூன் அரசாங்கமே கோப்புகளோடு மலையேறி இங்கே வந்துவிடும்.

தாளில் உள்ள ‘துரைமார் காலம்’ முழுக்க இந்த ஊரில்தான் இருக்கிறது. செங்கல் புகைபோக்கி, மரச்சட்டம் தெரியும் சுவர், முற்றத்தில் ரோஜா. குதிரை வண்டியில் ஒரு சுற்றுச் சுற்றினால் பத்து பங்களா பார்த்துவிடலாம். பதினொன்றாவது பங்களாவில் எனக்கு அலுத்துவிட்டது. தாவரப் பூங்கா அழகு, 1915இல் தொடங்கியது, 400 ஏக்கருக்கு மேல். என் மனைவிக்கு ஆர்க்கிட் வீட்டை விட்டு வர மனமில்லை. மணிக்கூண்டைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, மணி அடிக்கிறது.

ஆனால் காண்டகிரேக் என்ற பங்களாவில் கொஞ்சம் நின்றோம். 1904இல் பம்பாய் பர்மா வணிகக் கழகம் தன் கல்யாணமாகாத துரைகளுக்காகக் கட்டிய விடுதி. நாங்கள் போனபோது தீரி மியாயிங் என்று ஓட்டல். உள்ளே தேக்கு மாடிப்படி இரண்டு பக்கமும் வளைந்து ஏறுகிறது. கைப்பிடியில் கை வைத்தால் வழவழவென்று தானாக மேலே போகிறது. வழிகாட்டிப் பையன் படியை அழகாகப் படம் எடுக்கச் சொல்லிக்கொடுத்தான். அந்தக் கழகம் யார் என்று சொல்லவில்லை. கணக்கில் காட்டாமல் தேக்கு வெட்டினார்கள் என்று பர்மாவின் கடைசி மன்னர் திபோவின் சபை 23 லட்சம் ரூபாய் தண்டம் போட்டது இவர்களுக்குத்தான். அதைச் சாக்கு வைத்துத்தான் 1885இல் ஆங்கிலேயரோடு சண்டை வந்தது, மன்னர் போனார். நான் என் வழக்கப்படி எடை போட்டுப் பார்த்தேன். 23 லட்சம் தோலா வெள்ளி என்றால் கிட்டத்தட்ட 27 டன். ‘வெள்ளிப் பாதை’ என்று பேர் வைத்தவர்கள் இந்த ஒரு கணக்கையாவது சொல்லியிருக்கலாம். மச்சான் படியில் உட்கார்ந்து, ‘27 டன் கட்டச் சொன்னா நானும் சண்டைக்குத்தான் போவேன்’ என்றான்.

இரவு தங்க வைத்த இடம் வேறு, அதுவும் பழைய பங்களாதான். உயரமான கூரை, கணப்பு அடுப்பு, சுவரில் மான் தலை. படம் எடுக்க நன்றாக இருக்கும். குழாயில் வெந்நீர் வரவில்லை. கணப்பைப் பற்றவைக்கலாமா என்றால் அது பார்வைக்கு மட்டும் என்றார்கள். சனவரி மாத மேமியோ இரவில் இது பெரிய குறை. ஆளுக்கு இரண்டு கம்பளி கேட்டு வாங்கினோம். மனைவி ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு, மான் தலையைப் பார்த்து, ‘அதுக்கும் குளிரும்’ என்றாள்.

மூன்றாம் நாள் ரயில். மாந்தலேயில் விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பிய லாஷியோ வண்டி எட்டு மணி வாக்கில் மேமியோ வந்தது. மாந்தலேயிலிருந்தே ஏறியிருந்தால் மலையடியில் வண்டி முன்னும் பின்னுமாக மாறி மாறி இழுத்து ஏறுவதைப் பார்த்திருக்கலாம், அது போச்சு. மேல்வகுப்பு இருக்கையில் மெத்தை உண்டு. ஆட்டமும் உண்டு. பக்கவாட்டில் ஆடினால் பரவாயில்லை, இது குதிக்கிறது. ஜன்னல் வழியாகச் செடி கொடி உள்ளே வந்து அறையும், கையை வெளியே வைக்காதீர்கள். டிக்கெட் அப்போது மூவாயிரம் சாட்டுக்குள்தான் இருந்தது. பயணத்திலேயே மலிவானதும் மிக நல்லதும் இதுதான். இதற்கு எந்த நிறுவனமும் தேவைப்படவில்லை, நாங்களே நிலையத்தில் போய் வாங்கியிருக்கலாம்.

நௌஞ்சோ நிலையத்தில் தலையில் தட்டோடு பெண்கள் ஏறுகிறார்கள். வாழையிலையில் ஒட்டுச்சோறு, அவித்த முட்டை, பொட்டலம் கட்டிய காவ்ஸ்வே, அதாவது நூடுல்ஸ். மச்சான் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வாங்கினான். காவ்ஸ்வேயில் புளி குறைவு என்று தீர்ப்பும் சொன்னான். பர்மாக்காரர் ‘அத்தோ’ என்று சொல்வது கையால் பிசைந்த எந்தக் கலவைக்கும் பொது. சென்னையில் மட்டும் அது ஒரே ஒரு பதார்த்தத்தின் பெயராகிவிட்டது என்று இந்த வண்டியில்தான் அவனுக்குத் தெரிந்தது. எதிர் இருக்கைக் கிழவி இஞ்சி அத்தோ கொடுத்தாள். ‘இது அத்தோ இல்ல’ என்று என்னிடம் தமிழில் முணுமுணுத்துக்கொண்டே முழுசாகத் தின்றான்.

பிறகு பாலம். வண்டி நடை வேகத்துக்கு இறங்குகிறது. பேச்சு நின்றுவிடுகிறது. 689 மீட்டர் நீளம், கீழே 102 மீட்டர் பள்ளம். ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தண்டவாளத்துக்கு வெளியே கைப்பிடி என்று ஒன்று கண்ணில் படவே இல்லை, நேரே காட்டின் தலைதான். இரும்புக் கால்களின் சட்டங்கள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிப் போவது, பெட்டியில் சிக்கிய பழைய அரைஞாண் கொடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது போல. வண்டி நகர நகர ஒவ்வொரு மூட்டிலும் ‘க்ரீச்’ என்று ஒரு முனகல். மனைவி என் தோளைப் பிடித்தவள் அக்கரை வரும்வரை விடவில்லை.

பையன் சொன்ன கதை இது: வெள்ளியைக் கொண்டுபோகவே ஆங்கிலேயர்கள் இந்தப் பாலத்தைக் கட்டினார்கள். இல்லை தம்பி. பென்சில்வேனியாவிலிருந்து இரும்பைக் கப்பலில் கொண்டுவந்து, ஓர் அமெரிக்க நிறுவனம் 1899இல் தொடங்கி 1901க்குள் முடித்துக் கொடுத்தது. அப்போது அவர்கள் கண் இருந்தது சீன எல்லை மேல். ரயிலை சீனாவின் யுனான் வரை கொண்டுபோய்விடலாம் என்று கனவு. அது லாஷியோவோடு நின்றது. போட்வின் என்ற வெள்ளிச் சுரங்கத்துக்கான கிளைப்பாதை ஏழெட்டு வருஷம் கழித்துத்தான் வந்தது. சீனாவுக்குப் போட்ட தண்டவாளத்தில் வெள்ளி ஏறிக்கொண்டது, அவ்வளவுதான். பையன் முகம் சுருங்கிவிட்டது. நல்ல பிள்ளை, யாரோ எழுதிக்கொடுத்ததை ஒப்பிக்கிறான். மச்சான் ஜன்னலிலிருந்து தலையை இழுத்துக்கொண்டு, ‘பாலத்துக்கு அடிச்சிருக்கிற பெயின்ட்தான் வெள்ளி மாப்ள. வேற எங்கயும் காணோமே’ என்றான். மூன்று நாளில் அதுதான் உண்மை நிலவரம்.

மூன்று மணி போல சீப்போ. பர்மியர் திபோ என்பார்கள், மன்னர் பெயரும் இந்த ஊர்ப்பெயர்தான். இங்கே ஷான் இளவரசரின் மாளிகை இருக்கிறது. 1924இல் கட்டியது. மாளிகை என்றதும் மண்டபம், தூண் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆங்கிலேயர் பாணியில் ஓர் இரண்டு மாடி வீடு, பூச்சு உதிர்ந்து, முன்னால் காலியான நீச்சல் தொட்டியோடு. கடைசி இளவரசர் சாவ் ச்சா செங். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தில் சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு, ஆஸ்திரியப் பெண்ணைக் கல்யாணம் செய்து ஊர் திரும்பியவர். 1962 ராணுவப் புரட்சியின்போது பிடித்துப்போனார்கள். திரும்பி வரவே இல்லை. கொலராடோ வெள்ளிச் சுரங்கங்களால் வளர்ந்த மாநிலம். அங்கே போய்ச் சுரங்கம் படித்த ஒருவர், போட்வினிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆண்டிருக்கிறார். ‘வெள்ளிப் பாதை’ என்ற தலைப்புக்கு இதைவிடப் பொருத்தமான மனிதர் யார்? தாளில் இந்த வீட்டைப் பற்றி ‘படம் எடுக்க ஏற்ற இடம்’ என்று ஒரு வரி.

அன்று இரவுதான் பையன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னான். மறுநாள் நம்டு, போட்வின் சுரங்கத்தின் உருக்காலை இருக்கும் ஊர். வெளிநாட்டவருக்கு அங்கே போக முன் அனுமதி வேண்டும். மச்சானுக்கு வாங்கவில்லை. வாங்குவதாகச் சொல்லித்தானே கடவுச்சீட்டு நகல் எடுத்தீர்கள் என்றேன். ரங்கூன் அலுவலகத்துக்குப் போன் போட்டான். விண்ணப்பம் போட மறந்துவிட்டார்களாம். அவர்கள் சொன்ன ஒரு வார்த்தையை மச்சான் அப்படியே மொழிபெயர்க்கச் சொன்னான்: ‘அவர் பர்மாக்காரர் என்று நினைத்துவிட்டோம்.’

மச்சான் சிரித்தான். ‘1965ல நெனச்சிருக்கலாம்ல’ என்றான்.

அவன் அப்போது சொன்ன கதை எனக்குப் பாதி தெரியும், பாதி தெரியாது. கப்பல் ஏறும் முன் சோதனை. தலைக்கு இவ்வளவுதான் நகை என்று கணக்கு. முந்தின வருஷமே 50, 100 சாட் நோட்டுகளைச் செல்லாதென்று சொல்லிவிட்டதால் கையில் பணமும் இல்லை. அத்தை காலில் எங்கள் தாத்தா அடித்துப் போட்ட தண்டை, ஒரு ஜோடி, பதினெட்டுத் தோலா. கழற்றச் சொன்னார்கள். கழலவில்லை, சோப்பு போட்டுக் கழற்றினார்கள். அத்தை கப்பலில் முழுக்கப் பேசவில்லையாம். காலைப் பார்த்தபடியே வந்தாளாம். அதே 1965இல்தான் போட்வின் சுரங்கத்தை அரசாங்கம் முழுசாக எடுத்துக்கொண்டது. அதற்கு முன் அரை நூற்றாண்டுக்கு மேலாக அங்கிருந்து வெள்ளி எல்லாச் சோதனையையும் தாண்டி ஜாம்ஜாமென்று கப்பல் ஏறியிருக்கிறது. அத்தையின் பதினெட்டுத் தோலாவுக்குத்தான் வழி இல்லை.

நாலாம் நாள் நானும் மனைவியும் மட்டும் போனோம். நான் போகவில்லை என்றுதான் சொன்னேன். மச்சான்தான், ‘வெள்ளிக்காரன் நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் காவ்ஸ்வே கடையில ஒக்காந்திருக்கேன்’ என்று தள்ளிவிட்டான்.

சாலை மோசம். வழியில் இரண்டு சோதனைச் சாவடி. சண்டைச் செய்தி ஏதாவது வந்தால் வண்டியைத் திருப்பிவிடுவோம் என்று ஓட்டுநர் முதலிலேயே சொல்லிவிட்டார். அது நியாயம். நம்டு ஊர் பள்ளத்தாக்கில் ஆற்றோரம் கிடக்கிறது. மேலே மலைக்குள் போட்வின். ‘போ’ என்றால் சுத்த வெள்ளி, ‘ட்வின்’ என்றால் சுரங்கம். சுரங்கத்துக்குள் விடவில்லை, விடுவார்கள் என்று தாளில் எழுதியிருந்தது பொய். நாங்கள் பார்த்தது கீழே உருக்காலையின் புகைபோக்கிகளும், இரண்டே அடி அகல ரயில்பாதையும், துருப்பிடித்து நின்ற ஒரு குட்டி இன்ஜினும், கசடு மலையும்தான். வேலிக்கு வெளியே நின்றுதான் பார்த்தோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்தக் கசட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போட்வினில் முதலில் தோண்டியவர்கள் சீனர்கள், பதினைந்தாம் நூற்றாண்டிலேயே. பூமியில் வெள்ளி தனியாகக் கிடைப்பது அபூர்வம், பெரும்பாலும் ஈயம் போன்ற வேறு உலோகத் தாதுக்களோடு கலந்து கிடக்கும். இங்கே ஈயத்தோடு. தாதுவை உருக்கினால் வெள்ளியை வயிற்றில் வைத்துக்கொண்டு ஈயம் வரும். அந்த ஈயத்தைச் சாம்பல் குழியில் வைத்துக் காற்று ஊதினால் ஈயம் கருகிச் சாம்பலுக்குள் இறங்கிவிடும், வெள்ளி மேலே தங்கும். புடம் போடுவது என்று நாம் சொல்வது இதைத்தான். சின்ன அளவில் தாத்தா செய்ததைப் பார்த்திருக்கிறேன். கடைசி நொடியில் உருண்டை மேல் வானவில் போல நிறம் ஓடும். பிறகு யாரோ உள்ளே விளக்கு ஏற்றியது போலப் பளிச்சென்று வெள்ளி. ‘கண் திறந்துடுச்சு’ என்பார் தாத்தா.

சீனர்களுக்கு வேண்டியது அந்தக் கண் மட்டும்தான். மிச்சம் ஈயம் கலந்த கசட்டை நானூறு வருஷமாக மலைச்சரிவில் கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். ஆங்கிலேய நிறுவனம் முதலில் வந்தது சுரங்கத்துக்காக அல்ல, இந்தக் கசட்டுக்காக. அள்ளி மறுபடி உருக்கினாலே ஈயம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். அதற்காகத்தான் 50 மைல் குட்டி ரயில் போட்டு லாஷியோ பாதையோடு சேர்த்தார்கள். அதற்குப் பிறகுதான் தரைக்குள் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தது. இதில் முதல் போட்டவர்களில் ஒருவர் ஹெர்பர்ட் ஹூவர், அப்போது சுரங்கப் பொறியாளர், 1929இல் அமெரிக்க ஜனாதிபதி. இரண்டாம் போருக்கு முன் உலகத்தின் பெரிய ஈய வெள்ளிச் சுரங்கங்களில் ஒன்றாக இது இருந்தது.

எங்கள் பட்டறையிலும் தரையைப் பெருக்கிக் குப்பையில் போடமாட்டோம். வருஷம் முழுக்கச் சேர்த்து வைத்தால், தூசி வாங்குகிறவர் வந்து மூட்டைக்கு விலை பேசுவார். கால்மிதியைக்கூட விடமாட்டார். அந்த மனிதர் ஊரையே விலைக்கு வாங்கியது போலத்தான் இருக்கிறது நம்டு.

வேலியோரம் கிடந்த கசட்டுத் துண்டு ஒன்றைக் காவலாளியிடம் கேட்டு எடுத்துக்கொண்டேன். கறுப்பு, உடைந்த பாட்டில் போல ஓரம், அளவுக்கு மீறிய கனம். சீனர் விட்ட கசட்டை உருக்கி ஆங்கிலேயர் விட்ட கசடாகக்கூட இருக்கலாம். மனைவி உடனே, ‘ஈயம், தொட்டுட்டுச் சாப்பிடாதீங்க’ என்று தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

நம்டுவில் காலடியில் ஓடும் அதே ஆறுதான் சீப்போவைத் தொட்டுக்கொண்டு, கடைசியில் மிட்ங்கே என்ற பேரில் ஆவா பக்கம் ஐராவதியில் சேர்கிறது. எதிர்க்கரை சகாயிங். அதாவது யுவாத்தாங். ஓட்டுநர் போகிறபோக்கில் சொன்னது இது. ஐந்து நாளில் இந்தப் பயணத்தை ஒரே பாதையாகச் சேர்த்துக் கட்டிய ஒரே வாக்கியம் அதுதான். அவருக்குத் தனியாகக் காசு கொடுத்தேன்.

ஐந்தாம் நாள் முழுக்கத் திரும்பும் சாலை, சொல்ல ஒன்றுமில்லை.

கசட்டுத் துண்டை மச்சானிடம் கொடுத்தேன். துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டான். ரங்கூன் விமான நிலையத்தில் எந்திரத்தில் தெரிந்ததும் பையைத் திறக்கச் சொன்னார்களாம். கல் என்றானாம். பார்த்துவிட்டு விட்டுவிட்டார்களாம். சென்னை போய்ச் சேர்ந்ததும் போனில் முதலில் சொன்னது அதைத்தான்.

பணம் விஷயம். நம்டுவுக்கு மச்சான் பங்கைத் திருப்பிக் கேட்டேன். மூன்று முறை நேரில் போனபின் பாதி வந்தது. எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் முழுசும் வந்திருக்கும். உறவினர் யாராவது இந்தியாவிலிருந்து வருகிறார்கள் என்றால், அனுமதித் தாளைக் கண்ணால் பார்க்காமல் மாந்தலேக்குக் கிளம்பாதீர்கள். இந்தியக் கடவுச்சீட்டும் வெளிநாட்டுக் கடவுச்சீட்டுத்தான் என்பதை அவர்களுக்கு நீங்கள்தான் நினைவுபடுத்த வேண்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு இரண்டரை. அதிலும் ஒன்று யுவாத்தாங்குக்கு, ஒன்று ரயிலுக்கு, அரை அந்த ஓட்டுநருக்கு. நானே திட்டம் போட்டிருந்தால் யுவாத்தாங்கில் ஒரு முழுநாள் வைத்திருப்பேன், காசுக்கடையை விட்டிருப்பேன், மாந்தலேயிலிருந்தே ரயில் ஏறியிருப்பேன். சீப்போவில் காலையில் சுடச்சுடக் கடலைமாவுக் கூழ் ஊற்றிக் கொடுத்த காவ்ஸ்வே மட்டும் அப்படியே இருந்திருக்கும். மச்சான் அதைத் தன் கடையில் போட்டுப் பார்க்கப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.

மாவிலைக் கிண்ணம் இன்னும் வரவில்லை. வந்ததும் சுண்டிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.